பழைய வானுக்குள் குளிரைத் தடுக்க: ரெஜிபோமா, கிளாஸ் வூலா, ரப்பர் ஷீட்டா?

நம் பக்கம் கரவன் (படுக்கை வசதியோடு வரும் வண்டி) வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு. பழைய டொயோட்டா ஹைஏஸ் டொல்பின் வான் ஒன்றை எடுத்து, பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கை போடுவதுதான் நடக்கிற காரியம். இலங்கையில் 2020இல் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தது. வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதியது எட்டாது. ஆகவே பழையதைத்தான் திருத்த வேண்டும். அதன் சுவருக்குள் எதை வைப்பது? நான் ரப்பர் ஷீட் ஒட்டியவன், அதன் பக்கம்தான் பேசுவேன்.

விலையில் ரெஜிபோம்தான் (வெள்ளைத் தெர்மோகோல் பலகை) மலிவு, எந்த ஹாட்வெயாரிலும் கிடைக்கும். கிளாஸ் வூல் தீப்பிடிக்காது, எந்த இடுக்கிலும் திணிக்கலாம், ஆனால் கையெல்லாம் அரிக்கும். குளிரைத் தடுக்கும் திறனில் இந்த இரண்டுக்கும் ரப்பருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தெளித்ததும் பொங்கி இறுகும் ஸ்ப்ரே போம் மட்டும் ஒரு படி மேல். அந்தத் திறனை மட்டும் பார்த்து வாங்கினால், மலைநாட்டில் பிழையாகிப் போகும்.

காரணம் தண்ணீர். நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் 10 பாகைக்குக் கீழே இறங்குவது சாதாரணம், சில விடியல்களில் புல்லில் உறைபனியும் விழும். வானுக்குள் இருவர் தூங்கினால் மூச்சிலேயே ஈரம் சேரும். உள்ளே 18 பாகையும் 80 வீத ஈரப்பதனும் இருந்தால், 14 பாகைக்குக் கீழே குளிர்ந்த தகடு எதுவும் வியர்க்கும். தேயிலைத் தோட்ட லயத்துத் தகரக் கூரை விடியற்காலையில் உள்பக்கம் சொட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உள்ளேயே கேஸ் அடுப்பு மூட்டினால் இன்னும் மோசம்: 1 கிலோ கேஸ் எரிந்தால் ஏறக்குறைய 1.6 லீற்றர் தண்ணீர் ஆவியாக வெளிவரும். (குளிருக்கு அடுப்பையோ கரியையோ எரிய விட்டுத் தூங்கவே கூடாது. அது உயிர் போகிற விஷயம்.)

இந்த ஈரம் உள்சுவராக அடிக்கும் பிளைவுட்டுக்குப் பின்னால் போய்த் தகட்டில் படியுமா, படியாதா என்பதில்தான் தீர்ப்பு இருக்கிறது. கிளாஸ் வூல் ஈரத்தைக் குடித்துவிட்டு, நம் ரோட்டுக் குலுக்கலில் மெல்ல அடியில் இறங்கிக் குந்திவிடும். ரெஜிபோம் வளையாது. வானின் பக்கத் தகடோ வளைவு. இடையில் விடுபடும் காற்றிடைவெளியில் நீர் தங்கும். போதாக்குறைக்கு கொன்டாக்ட் பசை பட்டால் ரெஜிபோம் கரைந்தே போகும், பள்ளத்தில் விழும்போதெல்லாம் கிறீச்சிடும்.

ரப்பர் ஷீட் என்று நான் சொல்வது ஏசி குழாய்களில் சுற்றுகிற அந்தக் கறுப்புச் சரக்கு. அதன் நுண்ணறைகள் மூடியவை என்பதால் தண்ணீர் உள்ளே போகாது. கத்தியால் வெட்டி, வளைவோடு வளைவாகத் தகட்டோடு முழுதாக ஒட்டிவிடலாம். ஆவிக்குத் தகட்டைத் தொட வழி கிடைக்காது. கூரைக்கு 19 மில்லிமீற்றர் ஒட்டினேன். குறுக்குச் சட்டங்களின் மேலேயும் மெல்லிய கீற்று ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் சட்டத்தின் வரிசைப்படி காலையில் துளிகள் தொங்கும். கதவுகளின் அடியில் இருக்கும் வடிகால் துளைகளை மட்டும் எதைக்கொண்டும் அடைக்காதீர்கள்.

ஒட்டுவதற்கு முன் துரு. என் வானில் பின் கண்ணாடி ரப்பருக்குக் கீழே பெயின்ட் லேசாகக் கொப்பளித்திருந்தது, அவ்வளவுதான். டிங்கர் பாஸ் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்தினார், முனை உள்ளே போய்விட்டது. வெட்டி, வெல்டிங் வைத்து, ரெட் ஒக்சைட் அடித்து, நன்றாகக் காயவிட்ட பிறகே ரப்பர்.

பராமரிப்பு என்று வரும்போதுதான் ஸ்ப்ரே போம் எனக்குக் கசக்கிறது. அதை மற்றவர்களின் வான்களில் பார்த்ததோடு சரி, நான் அடித்து ஓட்டியதில்லை. சரியாக அடித்தால் குளிருக்கு அதுதான் முதலிடம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னாளில் ஒரு இடத்தில் துரு பிடித்தால் உளியால் கொத்தித்தான் எடுக்க வேண்டும், வெல்டிங் பொறி பட்டால் எரிந்து நச்சுப் புகை வரும். ரப்பர் என்றால் ஒரு சாண் வெட்டி உரித்து, வேலை முடிந்ததும் புதுத் துண்டு ஒட்டினால் போதும். விற்கும்போதும் இதே கதைதான். டொல்பின் பார்க்க வருகிறவர் முதலில் துருவைத்தான் தேடுவார். பிளைவுட்டை ரிவெட் அடிக்காமல் ஸ்க்ரூவில் பூட்டியிருந்தால், கழற்றிக் காட்டிவிட்டு விலை பேசலாம்.

பாரம் பற்றிக் கேட்பார்கள். 20 சதுர மீற்றர் ரப்பர் 30 கிலோவுக்குள் வந்துவிடும். றம்பொடை ஏற்றத்தில் இழுக்க வைப்பது பிளைவுட்தான், 4 மில்லிமீற்றருக்கு மேல் போகாதீர்கள்.

ரப்பர் விலைதான் வயிற்றைக் கலக்கும். காசு போதாவிட்டால் கூரைக்கு மட்டும் ரப்பர் வாங்குங்கள். தரை தட்டை என்பதால் பிளைவுட்டுக்கு அடியில் ரெஜிபோம் தாங்கும். பக்கங்களை அடுத்த வருடம் பார்க்கலாம், அதுவரை இரவில் ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.