கூகுள் கிளாஸ்ரூமில் எஸ்பிஎம் தமிழ்: சில ஆண்டுகள் புழங்கிய பிறகு

2020 மார்ச் 18-இல் மலேசியாவில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வேறு வழியில்லாமல் தொடங்கியது இந்த இயங்கலை (ஆன்லைன்) வகுப்பு. கோலாலம்பூர் செந்தூலில் நேரடி டியூஷன் திரும்பிய பிறகும் வாரத்தில் ஒரு வகுப்பை இயங்கலையிலேயே வைத்திருக்கிறேன். பயிற்சிக்குக் கிளாஸ்ரூம், காணொளி வகுப்புக்கு மீட், இரண்டும் இலவசக் கணக்கில்தான். பிள்ளைகள் படிவம் 4, 5; படிவம் 5 முடிவில் எழுதும் பள்ளித் தேர்வுதான் எஸ்பிஎம்.

செயலியைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, வேலை செய்கிறது. வகுப்பு ஓடுவதும் படுத்துவிடுவதும் முதல் வாரத்தில் பிள்ளைகளிடம் நாம் என்ன சொல்லி வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. "ஒழுங்கா நடந்துக்குங்க" என்பதெல்லாம் காற்றோடு போகும். எந்தக் கேள்வியை எங்கே கேட்பது, டீச்சர் எப்போது பதில் தருவார், எது அனுப்பியதாகக் கணக்கு என்று தெரிந்தால் போதும்.

அதனால் விதிகளைத் தாளில் அச்சடித்துக் கொடுப்பதில்லை. முதல் பயிற்சியிலேயே பழக்கிவிடுகிறேன். ஒரு பத்தியைக் கையால் எழுதி, கூகுள் டிரைவ் செயலியில் ஸ்கேன் செய்து, ஒரே பிடிஎஃப் கோப்பாக இணைத்து, 'டர்ன் இன்' என்ற சமர்ப்பிப்புப் பொத்தானை அழுத்த வேண்டும். கோப்பை இணைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைக்கும் பிள்ளைகள் ஏராளம். பொத்தானை அழுத்தாவிட்டால் கெடு தாண்டியதும் 'மிஸ்ஸிங்' என்று காட்டும்; "அனுப்பிட்டேன் டீச்சர்!" என்ற வழக்கு அங்கேதான் ஆரம்பம். பத்திக்குத் தலைப்பு: 'என் கைப்பேசியை வீட்டில் வேறு யார் பயன்படுத்துகிறார்கள்?' தம்பி தங்கையோடு ஒரே போனைப் பங்கு போடுகிறவர்கள் யார் என்று எனக்கும் தெரிந்துவிடும். கெடு வைக்க அது உதவும்.

இன்னொரு தலைவலி கணக்கு. பள்ளிக்குக் கல்வி அமைச்சின் டெலிமா கற்றல் தளக் கணக்கு, நமக்குச் சொந்த ஜிமெயில். போனில் இரண்டும் இருந்தால் இணைப்பு தப்பான கணக்கில் திறந்து, வகுப்பையே காணோம் என்பார்கள். எந்தக் கணக்கு என்பதை முதல் நாளே பார்த்துவிடுவது நல்லது.

கேமரா திறந்தே இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. பிபிஆர் எனும் அரசு மலிவு அடுக்குமாடி வீட்டில் பின்னால் அம்மா சமைப்பார், இரவு வேலை முடித்த அண்ணன் தூங்குவார். அதை வகுப்புக்கே காட்டச் சொல்ல நாம் யார்? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மைக்கிலோ சாட்டிலோ பதில் வரவேண்டும், அவ்வளவுதான். "லைன் இல்ல டீச்சர்" என்பதையும் பதிலாக எடுத்துக்கொள்வேன். ஆனால் அன்றைய பயிற்சி அன்றே வந்தாக வேண்டும்.

வகுப்பு அறிவிப்புகள் வரும் 'ஸ்ட்ரீம்' பக்கத்தில் ஆசிரியர் மட்டுமே பதிவிடும்படி வைத்திருக்கிறேன். இல்லையென்றால் காலை வணக்கப் படங்களுக்கிடையே பயிற்சியைத் தேட வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்தந்தப் பயிற்சியின் கீழே தனிக் கருத்தாக எழுதலாம், மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாது. வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் அங்கே மடமடவென்று கேட்கிறார்கள். இந்த ஒன்றுக்காகவே செயலியை விடமாட்டேன். இரவு 9 மணிக்கு மேல் பதில் கிடையாது. பெற்றோருக்கும் அதே நேரம்தான். புலனம் (வாட்ஸ்அப்) அவசரத்துக்கு மட்டும்.

தைப்பூச வாரத்தில் கெடு வைப்பதில்லை. பாதிப் பேர் பத்துமலையில் தண்ணீர்ப் பந்தலில் நிற்பார்கள்.

இலவச மீட்டில் குழு வகுப்பு 60 நிமிடத்தோடு துண்டிக்கப்படும். குறையென்று பலர் சொல்வார்கள். எனக்கு அது வசதி: 55-ஆவது நிமிடம் பயிற்சியைச் சொல்லி முடித்துவிடுவேன் என்று பிள்ளைகளுக்கே தெரியும். காசு கட்டி நேரத்தை நீட்டும் எண்ணமில்லை.