கோயில் வீதியில் விற்கும் சாணகத் திருநீறு: வாங்கலாம், கழுவிப் பூசுங்கள்

திருவிழாக் காலத்தில் கிழக்கிலங்கையின் மாமாங்கம், கொக்கட்டிச்சோலை, திருக்கோவில், உகந்தைமலை என்று எந்தக் கோயில் வீதியில் நின்றாலும் இரண்டு வகைத் திருநீறு கண்ணில் படும். ஒன்று பால் வெள்ளை, வாசம் போட்டது, பளபளக்கும் பொதியில் வருவது. மற்றது தேசிக்காய் அளவு உருண்டை. இலேசான சாம்பல் நிறம், கடதாசியில் சுற்றித் தருவார்கள். இங்கே பார்ப்பது உருண்டையை.

மலையில் தவமிருப்பவருக்கு நீறு வெறும் நெற்றிக்குறி அல்ல, அதுவே ஒரு குளிப்பு. விடியுமுன் எழுந்து சுனையில் முழுகுவது வாருண ஸ்நானம். சுனை வற்றிய காலத்திலும் உடம்பு முடியாத நாளிலும் உச்சி முதல் உள்ளங்கால் வரை நீறு பூசிக்கொள்வது ஆக்கினேய ஸ்நானம். பரவப் பூசினால் உத்தூளனம், குழைத்து மூன்று கோடாக இட்டால் திரிபுண்டரம். காலை, உச்சி, மாலை என்று மூன்று சந்திக்கும் நீறு வேண்டும். ஆகவே வியர்வையோடு நாள் முழுக்க உடம்பில் கிடக்கக்கூடியதா என்று பார்த்துத்தான் இந்த உருண்டைக்கு மதிப்புப் போடவேண்டும்.

சைவ நூல்கள் நீற்றைக் கற்பம், அநுகற்பம், உபகற்பம், அகற்பம் என்று நான்காகப் பிரிக்கின்றன. கன்றுள்ள, நோயற்ற பசுவின் சாணகத்தை நிலத்தில் விழமுன் தாமரை இலையில் ஏந்தி மந்திரத்தோடு சுட்டது கற்பம். காட்டில் உலர்ந்து கிடப்பதைப் பொறுக்கிப் பொடித்துச் செய்வது அநுகற்பம். மலைவாசிகளின் கைக்கு எட்டுவது இதுதான். கடை உருண்டையைக் கற்பம் என்று சொல்லி விற்றால் நம்பவேண்டாம். தாமரை இலையில் ஏந்தியதைக் கொண்டு கடை நிறையக் குவிக்க முடியாது. பட்டி மாட்டுச் சாணகத்தில் சுத்தமாகச் செய்திருந்தாலே போதும்.

வாங்கும்போது ஓர் உருண்டையை நகத்தால் பிளந்து பாருங்கள். உள்ளே கறுத்த கரு தெரிந்தால் சாணக உருண்டை சரியாகக் காயவில்லை, அல்லது பெரிதாக உருட்டிவிட்டார்கள். நெருப்பு நடுவுக்குப் போகவில்லை. உமியும் வைக்கலும் மூடி, சுவாலை எழாமல் இரண்டு மூன்று நாள் கனன்று, தானாக ஆறவிட்டால்தான் உள்வரை வெளுக்கும். அவசரப்பட்டு இடையில் தண்ணீர் தெளித்தால் கரி நின்றுவிடும். விரலில் தேய்க்கும்போது நறநறவென்றால் உமிச்சாம்பலோ மணலோ கலந்திருக்கிறது. நெற்றியில் அது தெரியாது. கழுத்து மடிப்பிலும் கக்கத்திலும் தோலை உரசிச் சிவக்க வைக்கும்.

இந்த உருண்டையின் பெரிய குறை காரம். கழுவாத சாம்பலில் சவர்க்காரம்போல் வழுக்கும் காரச் சத்து இருக்கும். காய்ந்த தோலில் ஒன்றும் செய்யாது, வியர்வை பட்டதும் கரைந்து எரியும். பாதயாத்திரையில் நீறு பூசிய கையும் மார்பும் எரிந்தால் பலர் வெயிலைக் குற்றம் சொல்வார்கள். ஒரு சிட்டிகை நீற்றை மஞ்சள் தூளோடு நீரில் குழையுங்கள். கடும் சிவப்பாக மாறினால் கழுவாத நீறு. விரலிடையில் சவர்க்காரம்போல் வழுக்கினாலும் அதே கதைதான்.

இதை வீட்டிலேயே திருத்தலாம். ஒரு பங்கு பொடிக்கு எட்டுப் பங்கு தண்ணீர் விட்டுக் கலக்கினால் கரித்துண்டு மிதக்கும். அதை வழித்து எறியுங்கள். மறுபடி கலக்கி ஒரு நிமிடம் விட்டால் மணல் அடியில் இறங்கும். கலங்கல் நீரை மட்டும் வேறு சட்டிக்கு மாற்றி, ஓர் இரவு தெளியவைத்து மேல்நீரை வடியுங்கள். புதுத்தண்ணீர் விட்டு, தெளியவைத்து, வடிப்பதை மூன்று முறையாவது செய்தால் வழுக்கல் போய்விடும். வண்டலை வேட்டித் துண்டில் பரப்பி உலர்த்தி, அதே துணியால் சலித்து எடுங்கள். அளவு குறையும், அதற்காகக் கவலைப்படாதீர்கள். முகப்பவுடர்போல் மெத்தென்று வரும்.

வெள்ளைப் பொதியைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. தேசிக்காய்ப் புளி விட்டதும் பொங்கி நுரைத்தால் சுண்ணாம்புக்கல் தூள் கலந்தது. நுரைக்காவிட்டாலும் நல்லதென்று முடிவு கட்டாதீர்கள், வெள்ளைக் களிமண்ணும் நுரைக்காது. வாசனைப் பொருள் வியர்வையோடு சேர்ந்தால் சிலருக்குத் தோல் தடிக்கும். உடம்புக்கு இது வேண்டாம்.

பொலித்தீன் பையில் வைத்தால் ஈரம் பிடித்துக் கட்டியாகும். பட்டுப்பையோ, மூடியுள்ள சிறு சம்புடமோதான் சரி. கிழக்கோ வடக்கோ நோக்கி, நிலத்தில் சிந்தாமல், நடுவிரல் மூன்றாலும் இடவேண்டும். தீட்சை பெறாதவர்கள் மத்தியானத்துக்குப் பின் நீர் கலக்காமல் இடுவதே முறை. உகந்தையிலிருந்து குமண வழியாகக் கதிர்காமத்துக்கு நடப்பவர்கள் புதிதாக வாங்கிய நீற்றோடு காட்டுக்குள் இறங்காதீர்கள். ஒரு கிழமைக்கு முன்பே வாங்கிக் கழுவி, முழங்கை மடிப்பில் ஒரு நாள் பூசி, வியர்க்க நடந்து பார்த்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள்.