கப்பலில் குழந்தைகள் கிளப்: எங்கள் அனுபவம்

7 நாள் கப்பல் பயணம். மகனுக்கு 9 வயது, மகளுக்கு 4. ஊழியர்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்தக் கிளப்பில் விட எனக்கு மனசே வரவில்லை. முதல் நாள் மகள் கையில் ஒரு பட்டை கட்டினார்கள். அவசர நேரத்தில் நாங்கள் கூட வேண்டிய இடத்தின் எண் அதில் இருந்தது. அபாயச் சங்கு ஊதினால் ஊழியர்களே அவளை அங்கே கொண்டுவந்து சேர்ப்பார்களாம்.

மாலையில் அழைத்துவரப் போன என் கணவர் அங்கே சொல்ல வேண்டிய ரகசியச் சொல்லை மறந்துவிட்டார். மகள் "அப்பா!" என்று ஓடி வந்தும் அந்தப் பெண் ஊழியர் விடவில்லை. எனக்குப் போன் செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் அனுப்பினார். கணவருக்குக் கோபம், எனக்கோ அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

விளையாட்டு, கைவேலை எல்லாம் சுமார்தான். ஆனால் ஒன்றை மன்னிக்க முடியவில்லை. கிளப்பில் சேர்க்கும் படிவத்தில், பெரிய பிள்ளைகள் தாங்களாகவே வெளியேறலாம் என்ற கட்டத்தில் முன்கூட்டியே 'ஆம்' என்று குறித்திருந்தார்கள். கவனிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன். 3-ஆம் நாள் மகன் தனியாக நீச்சல் குளத்தோரம் நின்றிருந்தான், தலை நனைந்திருந்தது. அங்கே உயிர்காப்பாளர் யாரும் இல்லை. நிறைய கப்பல்களில் இருக்கவும் மாட்டார்கள். படிவத்தை அன்றே மாற்றினேன். அந்தக் கட்டத்தை முதலில் பாருங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.