தவளையைக் காப்பதா, குளத்தைக் காப்பதா?

இலங்கையில் அருகிவரும் ஒரு தவளை இனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்பவர்கள் முன் இரண்டு வழிகள் உண்டு: வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் (1937) பட்டியலில் இனத்தைச் சேர்ப்பது; அல்லது தேசிய சுற்றாடல் சட்டத்தின் (1980, இல. 47) கீழ் இடத்தையே சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாக வர்த்தமானியில் அறிவிப்பது. கொழும்பை அடுத்த தலங்கம குளம் இரண்டாவது வகை.

எதைத் தடுக்கும்?
இனம்: பிடித்தல், கொல்லுதல், விற்றல்.
இடம்: மண் நிரப்பல், கட்டடம், வடிகால் வெட்டு.

ஆதாரம்?
இனம்: வகைப்பாட்டு நிபுணரின் உறுதிப்பாடு. அனுமதியின்றி மாதிரி பிடித்தால் நீங்களே குற்றவாளி ஆகலாம். படமும் குரல் பதிவும் எடுங்கள்.
இடம்: எல்லை வரைபடம், காணி உரிமை விவரம், பருவவாரியான படங்கள்.

யாழ்ப்பாணத்தில் சறுக்குவது இங்கேதான். நம் குளங்கள் பல பருவக் குளங்கள். ஆடியில் போய்ப் பார்க்கும் அதிகாரிக்கு அது வெறும் தரை. தவளையோ மண்ணுக்குள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முட்டைத்திரளையும் வாற்பேத்தையையும் திகதியோடு படமெடுங்கள். குளத்தை மட்டும் கோடிட்டால் போதாது. முதிர்ந்த தவளை வாழும் சுற்று வயல், பற்றை, நீர் வரும் வாய்க்கால் எல்லாம் எல்லைக்குள் வரவேண்டும். அதற்குள் தனியார் காணி இருந்தால் அறிவிப்பு இழுபடும்.

வேட்டை, வணிகம்தான் ஆபத்து என்றால் இனப் பட்டியல். லொறியில் மண் வருகிறதென்றால் இடம். அதுவும் வயலென்றால், முதலில் கமநல சேவை நிலையத்தில் முறையிடுங்கள்: 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டப்படி அனுமதியின்றி வயல் நிரப்ப முடியாது.