இன்சூரன்ஸ் இல்லாத நாளிலிருந்து சமூக சுகாதார மையத்தில்: எங்கள் அனுபவம்

அமெரிக்காவில் வேலை மூலம் கிடைத்த இன்சூரன்ஸ் என்றால், வேலை போனால் பெரும்பாலும் அதுவும் கூடவே போய்விடும். என் கணவருக்கு அப்படி ஆனபோது அவருக்குச் சர்க்கரை, எனக்கு பிபி. இரண்டுக்கும் மாத்திரையை நிறுத்த முடியாது. அன்று முதல் நாங்கள் போவது, மத்திய அரசின் நிதியுதவியில் நடக்கும் ஒரு சமூக சுகாதார மையத்துக்குத்தான்.

கையில் காசில்லை என்று இங்கே யாரையும் திருப்பி அனுப்பக் கூடாது, அது விதி. வருமானத்தையும் குடும்பத்தில் எத்தனை பேர் என்பதையும் பார்த்துக் கட்டணம் போடுகிறார்கள். வறுமைக்கோட்டுக்குள் இருந்தால் அதிகபட்சம் பெயரளவுக்கு ஒரு தொகை. அதைப்போல இரண்டு மடங்கு வருமானம் வரை கொஞ்சம் தள்ளுபடி உண்டு, அதற்கு மேல் கிடையாது. சம்பளச் சீட்டும் வருமான வரிக் கணக்கும் கேட்பார்கள். ஓவர்டைம் கூடுதலாகக் கிடைத்த ஒரு வருடம் எங்கள் கட்டணமும் ஏறியது, கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொண்டே டாக்டர் அறைக்குள் போவது பெரிய நிம்மதி.

மாத்திரையும் அங்கேயே. இப்படிப்பட்ட மையங்களுக்கு மருந்து கம்பெனிகள் விலையைக் குறைத்துத் தர வேண்டும் என்று 1992இல் வந்த 340பி திட்டம் சொல்கிறது. எங்கள் மையம் அந்தக் குறைந்த விலையிலேயே எங்களுக்கும் தருகிறது.

காசைவிட நான் பெரிதாக நினைப்பது, ஒவ்வொரு தடவையும் அதே டாக்டர் பார்ப்பதை. ஒருமுறை என் கணவர், "பாதம் திகுதிகுன்னு எரியுது" என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று திணறினார். உடனே போனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள், இலவசமாக. டாக்டர் அன்றே மெல்லிய நைலான் இழையால் பாதம் முழுக்க அழுத்தி, உணர்ச்சி எங்கே குறைந்திருக்கிறது என்று பார்த்தார். அப்புறம் நர்ஸ், வீட்டில் சாப்பாட்டுக்கு இருக்கிறதா என்று கேட்டு, இலவசமாக உணவுப் பொருள் கிடைக்கும் இடங்களை எழுதிக் கொடுத்தார். இது இந்த மையங்களின் பிறவிக் குணம் போல. 1965இல் ஜாக் கைகர், கவுன்ட் கிப்சன் என்ற இரண்டு டாக்டர்கள் சேர்ந்து பாஸ்டனின் கொலம்பியா பாயிண்டில் முதல் மையத்தைத் தொடங்கினார்கள். பிறகு மிசிசிப்பியின் மவுண்ட் பாயூவில் நடத்திய மையத்தில், சத்துக் குறைந்த குழந்தைகளுக்குக் கைகர் உணவையே மருந்துச் சீட்டில் எழுதி, மருந்துக்கான நிதியிலிருந்து பணம் கொடுக்க வைத்தார்.

குறை என்றால் சிறப்பு மருத்துவர் விஷயம்தான். கண் விழித்திரையைக் காட்ட வெளியே அனுப்பினார்கள். மாதக் கணக்கில் காத்திருந்தோம். அங்கே மையத்தின் தள்ளுபடி செல்லாது என்பது பில் வந்தபோதுதான் தெரிந்தது. முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். லாபநோக்கற்ற மருத்துவமனைகள் நிதியுதவிக் கொள்கையை எழுத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2010ஆம் ஆண்டுச் சட்டம். அதனால் வெளியே அனுப்பினால், அந்த இடத்தில் நிதியுதவி விண்ணப்பம் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பல்லுக்கும் காத்திருப்பு நீளம்.

மையத்தின் நிர்வாகக் குழுவில் பாதிக்கு மேல் அங்கே சிகிச்சை பெறுபவர்களே இருக்க வேண்டும் என்பதும் விதி. இந்தப் பில் விஷயத்தை அவர்களிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது கணவருக்குப் புது வேலையில் இன்சூரன்ஸ் வந்துவிட்டது. மையம் அதையும் ஏற்றுக்கொள்கிறது; டாக்டரை நாங்கள் மாற்றவில்லை.