கேஸுக்குள் பளபளத்த கார்டை நம்பி ஏமாந்தேன்

விளையாட்டு வீரர்களின் படம் போட்ட கார்டுகளைச் சேர்ப்பவன் நான். ஆன்லைனில் ஒருவரிடம் பிரிஸம் சில்வர் ரூக்கி கார்டு (வீரரின் அறிமுக ஆண்டுக் கார்டு, பளபளப்பு வகை) ஒன்று வாங்கினேன். படத்தில் கண்ணாடி மாதிரி மின்னியது. கீறல் ஏதும் உண்டா என்று கேட்டதற்கு, "பேக்கைப் பிரித்ததும் நேரே கேஸுக்குள் போட்டது, கையே படவில்லை" என்றார். அனுப்பிய நான்கு படங்களும் நேர்மேலிருந்து எடுத்தவை. இந்த வகைக் கார்டை அப்படி எடுத்தால் ஒரு கோடும் தெரியாது. விளக்கடியில் சாய்த்து அசைத்தால்தான் குட்டு வெளிப்படும். ஒரு வீடியோ கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இத்தனை வருடமாகச் சேர்க்கிறேன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

வந்தது 130 பாயின்ட் மேக்னடிக் கேஸில், அதாவது காந்தத்தால் மூடும் கெட்டியான பிளாஸ்டிக் உறையில். கார்டோ 35 பாயின்ட் கேஸிலேயே அடங்கும் மெல்லிய கார்டு. ஒரு பாயின்ட் என்பது தடிமனில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குலுக்கினால் உள்ளே கடகடவென்று ஆடியது. அப்போதே திறந்து பார்த்திருக்க வேண்டும். கேஸே அழகாக இருக்கிறதே என்று அப்படியே அலமாரியில் வைத்தேன். திருப்பி அனுப்பும் கெடு அதற்குள் ஓடிவிட்டது.

மூன்று வாரம் கழித்துத் திறந்தால், கார்டு காய்ந்த சருகு போல வளைந்து கிடந்தது. அதற்காக விற்றவரைத் திட்ட மாட்டேன். டாப்ஸ் நிறுவனத்தின் 1993 ஃபைனஸ்ட் வரிசையில் முதல் ரிஃப்ராக்டர்கள், அதாவது சாய்த்தால் வானவில் போல மின்னும் கார்டுகள், வந்தன. அந்த மாதிரிப் பளபளப்புக் கார்டு எல்லாவற்றுக்கும் இந்த வியாதி உண்டு. அடியிலுள்ள தாள் ஈரத்தை இழுத்து விரியும், மேலே ஒட்டிய படலம் விரியாது, கார்டு வளையும். ரொம்பக் காய்ந்தாலோ எதிர்ப்பக்கம் வளையும்.

ஆனால் ஸ்லீவ் எனும் மெல்லிய பிளாஸ்டிக் உறைக்குள் நுழைத்தபோது கார்டு வழுக்காமல் ஒட்டிக்கொண்டு நின்றது. வெளியே எடுத்துப் பார்த்தால் ஸ்லீவின் உள்பக்கம் மங்கலாக ஒரு பிசுக்கு. மைக்ரோஃபைபர் துணியால் மெதுவாக ஒற்றினேன், துணியிலும் பிசுக்கு. பிறகு விளக்கடியில் சாய்த்தேன். வீரரின் தோளிலிருந்து கார்டின் விளிம்புவரை, தலைமுடி தடிமனில் ஐந்தாறு கீறல்கள். பாலிஷ் போட்டு நிரப்பி மறைத்திருக்கிறார்! இதைக் கிரேடிங்குக்கு (கார்டின் நிலையைச் சோதித்து மதிப்பெண் தரும் நிறுவனத்துக்கு) அனுப்பி, பாலிஷ் போட்ட தடயம் கண்டுபிடிக்கப்பட்டால் மதிப்பெண் இல்லாமலே திரும்பி வரும்.

கேட்டதற்கு வந்த பதில்: "உங்கள் வீட்டு ஈரப்பதம் சார், நீங்கள் சரியாக வைக்கவில்லை." ஈரம் கார்டை வளைக்கும், கீறுமா? அதைக் கேட்டதும் பிளாக் செய்துவிட்டார்.

இனி வாங்கும்போது, கேஸிலிருந்து வெளியே எடுத்து, ஒற்றை விளக்கின் கீழ் சாய்த்து அசைக்கும் வீடியோ கேளுங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். கார்டு கைக்கு வந்த அன்றே திறந்து பாருங்கள், பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். வைப்பது எப்படி என்று கேட்பவர்களுக்கு: மெல்லிய ஸ்லீவ், அதற்கு மேல் டாப்லோடர் என்ற விறைப்பான பிளாஸ்டிக் உறை, மூடிய பெட்டி, உள்ளே சிலிகா ஜெல், கூடவே ஒரு சின்ன ஈரப்பதமானி. நான் 45-50 சதவீதத்தில் வைக்கிறேன். பழைய பிவிசி ஆல்பத் தாள்கள் பக்கமே போகாதீர்கள், நாளாக ஆகக் கார்டின் முகத்தைக் கெடுக்கும்.

பெட்டிக்குள் வைத்தபின் வளைவு பாதிக்கு மேல் நிமிர்ந்துவிட்டது. கீறல்கள் அப்படியே இருக்கின்றன. நேற்று நண்பரின் கணக்கிலிருந்து பார்த்தேன், அதே ஆள் இன்னொரு கார்டை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். தடித்த கேஸ், நேர்மேலிருந்து எடுத்த நான்கு படங்கள்.