அப்பாவோடு பேசத் தெரிந்த பாமசி

யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையைத் தாண்டி, பலாலி வீதியில் பச்சைப் பலகை போட்ட சின்ன பாமசி. கடையாகப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை, இரண்டு பேர் நின்றாலே வாசல் அடைபட்டுவிடும், மோட்டார் சைக்கிள் விட இடம் கிடையாது, ஃபானில் காற்றைவிடச் சத்தம்தான் கூட வருகிறது. வீட்டுக்குப் பக்கத்தில், கோண்டாவிலிலேயே மருந்துக்கடை இருக்க, மாதம் ஒருக்கால் அப்பாவை ஓட்டோவில் ஏற்றி இங்கே கூட்டி வருகிறேன்.

அப்பாவுக்குப் போன வருடம் பாரிசவாதம், மூளையின் இடப்பக்கத்தில். வலக்கை மெல்ல மெல்லத் திரும்பி வருகிறது. குரலும் கணீரென்றுதான் இருக்கிறது, சொல்தான் அகப்படாது. தேத்தண்ணி கேட்க நினைத்துத் திறப்பு என்பார், பிழை என்று தெரிந்து தானே தலையில் அடித்துக்கொள்வார். நாங்கள் கடகடவென்று பேசினால் பாதி அவருக்குப் போய்ச் சேராது. 30 வருடம் கணக்குப் படிப்பித்த மனுசன், புத்தி அப்படியே இருக்கிறது. (தேவாரம் மட்டும் ஒரு சொல் பிசகாமல் பாடுவார். பாட்டும், ஒன்று இரண்டு எண்ணுவதும் இப்படித் தப்பி நிற்பது பலருக்கு உண்டாம்.)

முதலில் போன ஒரு கடையில் காது கேட்காதவரிடம் பேசுவது போலக் கத்தினார்கள். அப்புறம் என்னைப் பார்த்து, "இவருக்கு விளங்குமோ?" அது அவருக்கு நன்றாகவே விளங்கியது, அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. குளிசை உறையில் பி.டி., நொக்டே என்று ஆங்கில எழுத்தில் கிறுக்கியிருந்தது. முதலாவது நாளுக்கு இரண்டு தரம், மற்றது இரவில், லத்தீனாம், நானே தேடித்தான் கண்டுபிடித்தேன்.

இங்கே நிற்கிற பிள்ளை செய்த முதல் வேலை ரேடியோவை நிற்பாட்டியது. பிறகு மேசையைச் சுற்றி வெளியே வந்து, என்னை விட்டுவிட்டு அப்பாவின் முகத்தைப் பார்த்து, "ஐயா, இது காலமைக் குளிசை" என்றாள். அவ்வளவுதான். அந்தக் குளிசை அவர் கைக்குப் போன பிறகுதான் அடுத்ததை எடுத்தாள். உறையில் மார்க்கரால் ஒரு சூரியன், ஒரு சோற்றுக் கோப்பை, ஒரு பிறை. குழந்தைப் பேச்சும் கிடையாது, உடைத்த தமிழும் கிடையாது, முழு வசனம், ஆனால் சின்ன வசனம்.

அப்பா எதற்கும் "ஓம்" என்றுவிடுவார், வேண்டாம் என்பதற்கும் ஓம்தான். அதனால் "விளங்குதோ?" என்று அவள் கேட்பதே இல்லை. "இரவு எதைப் போடுவீங்கள், எடுத்துக் காட்டுங்கோ" என்பாள். ஒருநாள், இது ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கேட்டாள். அப்பா வாயைத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். நான் சொல்லை எடுத்துக் கொடுக்கப் போக, "அக்கா, கொஞ்சம் பொறுங்கோ" என்று கையால் மறித்தாள். அப்பா விரலை மடித்து, "ஒண்டு... ரண்டு" என்று எண்ணி நிறுத்தி, "ரண்டு!" என்றார். வீட்டில் எட்டு மாதமாக அவருக்குப் பதிலாக நான்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கம்பஸில் படிக்கிற ஒரு சிங்களப் பொடியன் நாலைந்து தமிழ்ச் சொல்லோடு வந்தபோதும் இதே சூரியனும் பிறையும்தான்.

குறை இல்லாமல் இல்லை. சனிக்கிழமை அவள் வருவதில்லை, அன்றைக்கு நிற்பவர் பையில் போட்டு நீட்டிவிட்டு போனைப் பார்ப்பார். காலையில் சந்தை இரைச்சலில் அப்பாவுக்கு ஒன்றும் பிடிபடாது, ஆகவே இரண்டு மணிக்குப் பிறகு போங்கள். மருந்துத் துண்டோடு கிளினிக் கொப்பியையும் கொண்டு போவது நல்லது. விலை மற்றக் கடைகள் மாதிரித்தான், கார்ட் எடுக்கமாட்டார்கள்.

போன முறை மிச்சக் காசில் 20 ரூபாய் குறைந்திருந்தது. நான் கவனிக்கவே இல்லை. அப்பா எண்ணிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இடக்கையை நீட்டியபடி அப்படியே நின்றார். அவளும் ஒன்றும் கேட்காமல் லாச்சியைத் திறந்தாள்.